முதலில் தூங்க விடுங்கள்

பெருந்தொற்று வந்துவிட்டால் மருத்துவமனை நிர்வாகங்கள் மறக்காமல் செய்யும் ஒரு காரியம் உண்டு. வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் மனநல ஆலோசனைக்கான போன் நம்பரை ஒட்டிவிடுவார்கள். கடமை முடிந்தது. அந்த நம்பருக்கு எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

2020 தொடக்கத்தில் கோவிட் பரவியபோது சீனாவின் சாங்ஷா நகரில் உள்ள இரண்டாம் சியாங்யா மருத்துவமனை இதையெல்லாம் முறையாகவே செய்தது. இணைய வகுப்பு, ஹாட்லைன், மனஅழுத்தம் குறைக்கக் குழுப் பயிற்சி எல்லாம் தயார். ஆட்கள்தான் வரவில்லை. எரிச்சலும் கோபமுமாக இருந்த நர்ஸ்கள்கூட ‘எங்களுக்கு ஒன்றுமில்லை’ என்றார்கள். சரி, வேறு என்னதான் வேண்டும் என்று விசாரித்தால், உளவியலாளர் தேவையில்லை, யாரும் எழுப்பாத ஓய்வும் போதுமான பாதுகாப்பு உடைகளும் கொடுங்கள் என்று ஊழியர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம் வேறு. அப்புறம்தான் மருத்துவமனை தங்கி ஓய்வெடுக்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்தது. ஆலோசகர்களையும் அந்த ஓய்விடத்துக்கே அனுப்பி, பேச்சுக்குக் காதுகொடுக்கச் சொன்னது.

எனக்கு இந்த வரிசைதான் முக்கியமாகப் படுகிறது. தூக்கம், உடை, போதுமான ஆட்கள். ஆலோசனை அதற்குப் பிறகு. கவச உடை போட்டுவிட்டால் கழற்றும்வரை தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது. கண்ணாடிக்குள் நீராவி படிந்து ஊசி போட நரம்பு தெரியாது. மாஸ்க் அழுத்தி மூக்குத்தண்டில் தோல் உரிந்திருக்கும். அப்படி ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் ‘மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்’ என்று வகுப்பெடுத்தால் அவருக்குக் கோபம்தான் வரும். வரட்டும், நியாயம்தானே.

ஆனால் ஓய்வால் மட்டும் தீராத ஒன்றும் இருக்கிறது. உள்ளே வர அனுமதி இல்லாத குடும்பத்துக்கு, சாகப்போகிறவரின் முகத்தை வீடியோ காலில் காட்ட ஒரு நர்ஸ் கையுறைக் கையால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பக்கம் அழுகிறார்கள். போனைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். இன்னும் இரண்டு பேர் கூட இருந்திருந்தால், ஆக்சிஜன் இருந்திருந்தால் என்ற நினைப்பு அவரை விடாது. இதை ‘மன உறுதி இல்லை’ என்று சொல்வது அநியாயம். தப்பு ஏற்பாட்டில், குற்றவுணர்ச்சி மட்டும் அவருக்கு.

அதற்காக ஷிப்ட் முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று கிளறுவதும் கூடாது. அப்படி ஒரே அமர்வில் நடத்தும் கட்டாயப் பேச்சு பின்னால் வரும் மனவடுவைத் தடுப்பதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் எப்போதோ சொல்லிவிட்டன. பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் சீனியர் ஒருவர் ‘சாப்பிட்டியா, நாளைக்கு லீவு எடுத்துக்கோ, நான் பார்த்துக்கறேன்’ என்று சொல்வதற்கு மதிப்பு அதிகம். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரமும் இருக்க வேண்டும்.

பயத்தையும் பேசியாக வேண்டும். நியூயார்க்கின் அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சை எடுத்தது தெரிந்தால் மருத்துவ உரிமம் போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் பிறகு சொன்னார்கள். 2022-ல் அமெரிக்காவில் அவர் பெயரிலேயே மருத்துவப் பணியாளர் மனநலத்துக்கான சட்டம் வந்தது. ஆலோசனைக்குப் போனது மேலதிகாரிக்குத் தெரியாது என்ற உத்தரவாதம் இல்லாத இடத்தில் எந்த ஹாட்லைனும் அலங்காரம்தான்.

இன்னொன்று, காலக்கெடு. 2003-ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று பரவிய கனடாவின் டொராண்டோவில், நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்களிடம் ஓராண்டு, ஈராண்டு கழித்தும் சோர்வும் மன உளைச்சலும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. நாம் என்ன செய்கிறோம்? அலை ஓய்ந்ததும் முதலில் ஆலோசகரின் ஒப்பந்தத்தை முடிக்கிறோம், அடுத்து கூடுதலாக எடுத்த தற்காலிக நர்ஸ்களை வீட்டுக்கு அனுப்புகிறோம். குறைந்தது இரண்டு வருஷத்துக்காவது அந்த இரண்டு செலவையும் வெட்டாதீர்கள்.