‘சிட் டவுன்’ முழுமையான வாக்கியமே

‘எழுவாயாகப் பெயர்ச்சொல்லோ பிரதிப்பெயரோ இல்லாதது ஆங்கிலத்தில் வாக்கியமே ஆகாது, பிள்ளைகள் “சிட் டவுன்” என்று எழுதினால் தவறு’ என்றொரு செய்தி பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது சரியன்று. செய்தி வாக்கியத்திலும் வினா வாக்கியத்திலும் எழுவாய் வெளிப்படையாக நிற்பதே வழக்கம் என்றாலும் (செய்தி நம்பும்படி இருப்பதற்கு இந்தப் பாதி உண்மைதான் காரணம்), கட்டளை வாக்கியத்தில் ‘யூ’ என்னும் எழுவாய் சொல்லப்படாமலே உணரப்படுகிறது. தமிழில் ‘உட்கார்’ என்பதில் ‘நீ’ தோன்றா எழுவாயாக நிற்பதைப் போலத்தான். ‘பிஹேவ் யுவர்செல்ஃப்’ என்பதைப் பாருங்கள்: மறைந்திருப்பது ‘யூ’ என்பதால்தான் அங்கே ‘ஹிம்செல்ஃப்’ வருவதில்லை. கேம்பிரிட்ஜ் அகராதி இணையதளத்தின் இலக்கணப் பகுதியில், கட்டளை வாக்கியம் பற்றிய பக்கத்தில் இதை எவரும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.