கண்மாய்த் தண்ணி நீலமா இருக்காது

மண்டபச் சுவர்ல பிள்ளைங்க நம்ம கண்மாயையும் பறவைகளையும் வரைஞ்சிருந்தாங்க. அது மேல சிலர் நீலம் பூசி, அன்னமும் வரைஞ்சுட்டாங்க. "லேசா டச்சப்தானே பண்ணினோம், இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?"ன்னு கேட்டவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

கண்மாய்த் தண்ணி நீலம் கிடையாது. நம்மது செம்மண், செம்பராங்கல் பூமி. வரத்துக்கால்ல வர்ற மழைத்தண்ணி வண்டலையும் கரைச்சுக்கிட்டுதான் வருது. கரையில நின்னு காலடியில பார்த்தா காவி நிறம். எதிர்க்கரையைச் சாய்வாப் பார்க்கிறதால அங்க மட்டும் வானம் விழுந்து வெளிறித் தெரியும். பிள்ளைங்க இதைக் கவனிச்சுதான் கீழ காவியும், மேல போகப்போக வெளிறலுமாத் தீட்டினாங்க. அத்தனைக்கும் மேல இப்ப ஒரே நீலம்.

அதைவிட வலிச்சது நத்தைகுத்தி நாரை. வளர்ந்த பறவைக்கு அலகை மூடினாலும் நடுவுல இடைவெளி இருக்கும். குஞ்சுக்குத்தான் இருக்காது. "அலகு சேரலையே"ன்னு அந்த இடைவெளியை பெயின்ட் வச்சு அடைச்சிருக்கீங்க. ஒரு பிள்ளை பார்த்துப் பார்த்து விட்ட இடம் அது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"பிள்ளைங்களுக்குப் பளிச்சுன்னு வேணும், அதான் அன்னம் வரைஞ்சோம்"னு சொல்றாங்க. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்குப் போய்ப் பாருங்க. 1977லயே பறவைகள் சரணாலயமான இடம். பறவை பயந்துடக் கூடாதுன்னு அங்க இருக்கிற கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி போடுறதில்லை. அங்க வர்ற சங்குவளை நாரைக்கு மஞ்சள் அலகு, ஆரஞ்சு முகம், வாலோரம் ரோஸ் இறகு. இதுக்கு மேல என்ன பளிச்சு வேணும்?

"வெள்ளைப் பறவை எடுபடாது"ங்கிறது நியாயமான கேள்வி. காகிதத்துல வாட்டர்கலர்ல வரையும்போது வெள்ளையைப் பூசாதீங்க. பறவையை அப்படியே விட்டுட்டு, பின்னாடி இருக்கிற கருவேல மரத்தை முதல்ல அடர்த்தியாப் போடுங்க. இறக்கையடி நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அழுக்காயிடும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பும் கலந்து, நீலம் கொஞ்சம் தூக்கலா, தண்ணியா ஒரே ஓட்டம். காயறதுக்குள்ள திரும்பத் தேய்ச்சா திட்டுத்திட்டா நிக்கும்.

கலைஞனுக்குச் சுதந்திரம் உண்டுன்னா, உண்டு. அடுத்தவன் வரைஞ்சதை அழிக்கவா அது?

இன்னொண்ணு. அது பழைய சுண்ணாம்புச் சுவர். ஈரத்தை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். அதனாலதான் காவி, மஞ்சள் காவி, விளக்குக்கரி, எல்லாத்தையும் சுண்ணாம்புத் தண்ணியில கலந்து போட்டோம். நீங்க பூசினது பிளாஸ்டிக் எமல்ஷன். ஈரம் வெளிய வர வழியில்லாம, ஐப்பசி மழையில அது கொப்புளம் கட்டி எங்க படத்தையும் சேர்த்துத்தான் உரிச்சுக்கிட்டு வரும்.

அதுக்கு முன்னாடி அந்த எமல்ஷனைச் சுரண்டியாகணும். அன்னத்தை வரைஞ்சவங்களும் வாங்க, மனசுல எதுவும் வச்சுக்கலை. சுரண்டினதும் சுவரை நனைச்சு, பால் பதத்துல வடிகட்டின சுண்ணாம்பை மெல்லிசா அடிக்கணும். ஒவ்வொரு பூச்சும் ஒரு நாள் காயணும். கெட்டியா ஒரே தடவையில அடிச்சா வெடிச்சுப் பொடியா உதிரும். அலகோட அந்த இடைவெளியை மட்டும் யாரும் தொடாதீங்க, அதை வரைஞ்ச பிள்ளையே திறக்கட்டும்.