விவேகானந்தர் பேசிய ஊரில் நாம் போகாத பாதி

சிகாகோ வந்து 11 வருடம் ஆகிறது. வந்த முதல் வாரமே ஊர்க்கார அண்ணன் ஒருவர் சொன்னார்: "தம்பி, எங்க வேணா சுத்துங்க, சவுத் சைடு பக்கம் மட்டும் போயிடாதீங்க." நகரின் தெற்குப் பாதி அது, கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதி. நீங்கள் போயிருக்கிறீர்களா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எட்டு வருடம் கழித்துக் கேட்டேன். அவரும் போனதில்லை, அவருக்குச் சொன்னவரும் போனதில்லையாம். இதே அறிவுரையை நானும் புதிதாக வந்த இரண்டு பேருக்கு வழங்கியிருக்கிறேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சைனாடவுனும் தெற்கில்தான் இருக்கிறது. அங்கே டம்ப்ளிங் சாப்பிடக் குடும்பத்தோடு போகிறோம், யாருக்கும் பயமில்லை. ஆக, பயம் திசையைப் பற்றியது இல்லை. யார் வாழும் தெரு என்பதைப் பற்றியது.

ஊரிலிருந்து யார் வந்தாலும் நம் சுற்றுலாத் திட்டம் ஒன்றே ஒன்றுதான். பீன் என்ற பளபளக்கும் பெரிய சிற்பம், படகுச் சவாரி, இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் தெருவில் சாப்பாடு, அரோரா பாலாஜி கோவில். அப்பாக்கள் வந்தால் கூடுதலாக, விவேகானந்தர் பேசிய கட்டடம். இப்போது அது ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்ற கலை அருங்காட்சியகம். ராமநாதபுரம் சேதுபதியின் ஊக்கம், சென்னை நண்பர்கள் திரட்டிய பணம், 1893 செப்டம்பர் 11, "சகோதர சகோதரிகளே" எல்லாம் நமக்கு மனப்பாடம்.

அந்தச் சர்வசமய மாநாடு உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்தது. அதே கண்காட்சியில் ஹெய்தி நாட்டு அரங்கில் உட்கார்ந்து ஒரு பெண் துண்டுநூல் விநியோகித்துக்கொண்டிருந்தார். பெயர் ஐடா பி. வெல்ஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இந்தக் கண்காட்சியில் ஏன் இடமில்லை என்பதே அந்த நூலின் பொருள். அரங்குக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரெடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர், அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். சொந்த நாட்டு அரங்கில் இல்லாத இடம் அவருக்கு ஹெய்தி அரங்கில் கிடைத்தது.

வெல்ஸ் ஏன் சிகாகோ வந்தார் என்பது இன்னும் கொடுமை. மெம்ஃபிஸ் நகரில் அவருடைய நண்பர்கள் ஒரு மளிகைக் கடை நடத்தினார்கள். கடை நன்றாக ஓடியது, எதிரே இருந்த வெள்ளைக்காரர் கடைக்கு வியாபாரம் குறைந்தது. 1892இல் ஒரு தகராறைச் சாக்காக வைத்து மூன்று பேரைப் பிடித்துச் சிறையிலடைத்தார்கள். கும்பல் வந்து அவர்களை வெளியே இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. அதைப் பத்திரிகையில் எழுதிய வெல்ஸின் அச்சகத்தையும் நொறுக்கினார்கள். பிற்காலத்தில் அவர் வாழ்ந்த வீடு சவுத் சைடில் கிங் டிரைவ் என்ற சாலையில் இன்றும் நிற்கிறது. வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.

அங்கே போகப் பச்சை வழி ரயிலில் 35ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்க வேண்டும். நிறுத்தத்தின் பெயரிலேயே ஐஐடி இருக்கும். நம் ஐஐடி இல்லை, இல்லினாய் ஐஐடி. நம் பிள்ளைகள் பலர் எம்.எஸ். படித்த இடம்தான். வகுப்பு முடிந்ததும் ரயிலேறி வடக்கே ஓடிவிடுவார்களே, அதே இடம். வளாகத்தின் பெருமையாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கட்டடமான கிரவுன் ஹால் நிற்கும் மண்ணில் முன்பு மெக்கா ஃபிளாட்ஸ் என்ற குடியிருப்பு இருந்தது. 1893 கண்காட்சிக்கு வருபவர்கள் தங்கக் கட்டியது, பிறகு நூற்றுக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களின் வீடானது. பல ஆண்டு போராடிப் பார்த்தார்கள். 1952இல் இடித்தாயிற்று.

ரயிலடிக்குப் பக்கத்து முக்கில்தான் ஜெஸ்ஸி பிங்காவின் வங்கி இருந்தது. வெள்ளையர் வங்கிகள் கடன் தராததால் கறுப்பின மக்கள் தமக்கென வங்கி, காப்பீட்டு நிறுவனம், செய்தித்தாள் என்று எல்லாவற்றையும் பிரான்ஸ்வில் என்ற இந்தப் பகுதிக்குள் தாங்களே உருவாக்கினார்கள். வெளியே போய்க் குடியேறவும் வழியில்லை. "கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டேன், வாடகைக்கு விட மாட்டேன்" என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம். நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1948 ஆனது. வெள்ளையர் தெருவில் குடியேறிய பிங்காவின் வீட்டில் திரும்பத் திரும்பக் குண்டு வைத்தார்கள். 1930இல், பொருளாதாரப் பெருமந்தத்தில், வங்கியும் மூடியது.

"நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு வாடகை சொல்லும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். பத்திரத்தில் எழுதாமலே இதை நடத்தத் தெரிந்தவர்கள். இது நமக்குப் புரியாத கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்புறம், நமக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் அடிபட்டு வாங்கிய 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு மறு வருடம் வந்தது. அதைச் சொன்னால் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கிரிக்கெட் ஸ்கோர் போடுகிறார்கள்.

துப்பாக்கிச் சூடு நடப்பதில்லையா? நடக்கிறது. சில தெருக்களில் இரவில் நானும் நடக்க மாட்டேன். அதற்காக நகரத்தில் பாதியை வரைபடத்திலிருந்து அழித்துவிட்டு, "நாங்க சிகாகோல இருக்கோம்" என்று சொல்லிக்கொள்வது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. கண்ணாடி ஏற்றிய பேருந்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துவிட்டு வரும் சுற்றுலாவும் எனக்குப் பிடிக்கவில்லை. உதவி செய்யப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. பசியோடு போங்கள்.

75ஆம் தெருவில் லெம்ஸ் பார்பெக்யூ. மீன் தொட்டி மாதிரி கண்ணாடி போட்ட அடுப்பில் புகையில் வேகும் பன்றி விலா நுனி. கசாப்புக் கடையில் ஒதுக்கிப்போட்ட குருத்தெலும்புத் துண்டைத்தான் இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள். போட்டிக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரில் உட்கார்ந்து விரலைச் சூப்பிக்கொண்டே சாப்பிட்டேன். அதே தெருவில் பிரவுன் சுகர் பேக்கரியின் கேரமல் கேக். ஒரு துண்டுக்கு மேல் முடியாது, அவ்வளவு தித்திப்பு. சைவக்காரர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். பால்கூடச் சேர்க்காத கறுப்பினச் சைவ உணவகமும் அங்கேயே பல காலமாக இருக்கிறது.

கிங் டிரைவில் ஒரு வெண்கலச் சிலையும் உண்டு. தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்காக 1996இல் வைத்தது. அந்த மனிதனின் உடை முழுக்கத் தேய்ந்த செருப்பு அடிப்பாகங்கள், கையில் கயிறு கட்டிய பெட்டி. மீனம்பாக்கத்தில் நீலக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு நின்ற என் அப்பாதான் நினைவுக்கு வந்தார்.

அடுத்த மாதம் அவர் வருகிறார். விவேகானந்தர் பேசிய இடத்தைப் பார்க்க வேண்டுமாம். காட்டுவேன். அது முடிந்ததும் பச்சை வழி ரயில், 35ஆம் தெரு. அந்த அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.