விரும்பித்தான் இருக்கிறோம்

அந்த வீடியோவை மூன்று நாளாக எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரப் பையன் சாப்பிட்ட கையோடு போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி எடுத்தது. "காசு இல்லாம இல்ல, இன்னும் மண்ணு வீட்டுல கெடக்கறாங்க பாருங்க" என்கிறான். கீழே சிரிப்பு முகங்கள். அதில் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது.

நாங்கள் இங்கே கிடக்கவில்லை. விரும்பித்தான் இருக்கிறோம்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தொட்டிக்கட்டு வீட்டுக்கு, மாமனார் சொன்ன கணக்குப்படி இருநூறு வயதுக்கு மேல். இரண்டடிக் கனத்தில் மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றி ஆசாரம் என்கிற தாழ்வாரம். பின்னால் களம், காய்ந்த சோளத்தட்டை அடுக்கிய தட்டுப்போர், மாட்டுக் கட்டுத்தரை. சித்திரை வெயிலில் மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டுக் கொழுக்கட்டைப்புல் கருகிக் கிடக்கும்போது ஆசாரத்தில் வெறுந்தரையில் படுத்தால் தூக்கம் வரும். ஏசி கிடையாது. வேண்டியிருந்ததும் இல்லை.

கூரை ஓடுகளைக் காட்டி "1865ல செஞ்ச ஓடு" என்கிறான். அது கட்டுத்தரை மேல் இருக்கிற மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய வருஷம் 1865, அதை ஓட்டிலேயே பதித்து விற்றார்கள். அந்த ஓடு எப்போது சுட்டதோ. வீட்டின் மேல் இருப்பது குயவர் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓடு. அதை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சிமெண்டாவது பூசலாமே என்று கேட்கிறவர்களுக்கு: பூசினோம். 2009இல், சமையலறை வெளிச்சுவருக்கு. இரண்டு ஐப்பசி போவதற்குள் உப்புப் பூத்தது. அடுத்த மழையில் பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது, உள்ளே மண் நசநசவென்று ஈரம். மண் சுவர் இழுத்த ஈரம் வெளியே போக வேண்டும். சுண்ணாம்பு விடும், சிமெண்ட் விடாது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசினோம். பக்குவம் தெரிந்த பெரியவரைத் தேடிச் சிவகிரி வரைக்கும் போனோம். மனசில்லாதவர்கள் செய்கிற வேலையா இது?

பாம்பு வருமே என்பீர்கள். வரும். தட்டுப்போருக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. இருட்டினால் டார்ச் இல்லாமல் களத்தில் கால் வைக்க மாட்டோம். ஒழுகுமே என்பீர்கள். அணில் தள்ளிய ஓடு, தேங்காய் விழுந்து உடைந்த ஓடு எல்லாம் ஆவணிக்குள் மாற்றிவிடுகிறோம். இந்தச் செலவை எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் தங்கள் வீட்டுக்கடன் தவணையையும் ஒரு தடவை கூட்டிப் பார்க்கலாம். குடிசையில் நனைகிறவர் கான்கிரீட் வீடு கேட்பதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

வீடியோவுக்குக் கீழே ஒருவர் மட்டும், "எங்க தாத்தாவைக் களத்தைத் தாண்டி உள்ள விடாத வீடு அது" என்று எழுதியிருந்தார். உண்மை. இன்றைக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஆசாரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள் என்று எழுத ஆரம்பித்தேன். அவர் சொன்னதற்கு அது பதில் இல்லை, அழித்துவிட்டேன். அவர் கோபப்படலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு.

ஆனால் வீடியோ எடுத்த இவனுக்கு என்ன?

கட்டுத்தரைக்கு முன்னால் நின்று மூக்கைப் பொத்திக் காட்டுகிறானே, அங்கேதான் ஒரு மே மாதம் முழுக்கச் செவலைக் கன்றைக் கட்டிக்கொண்டு கிடந்தான். ஆறு வயது. அடுத்த லீவுக்கு வந்தபோது கன்றைக் காணோம், விற்றுவிட்டீர்கள் என்று ஊரைக் கூட்டி அழுதான். காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் வெள்ளையாகிவிடும் என்று சின்னப் பையனுக்கு எப்படித் தெரியும்? என் மாமியார், இவனுக்கு அம்மாயி, அந்த அத்தைதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், இதுதான் சாமி அது என்று வெள்ளைக் கன்றைத் தொட வைத்தார். அம்மை போட்டு இவன் பத்து நாள் வேப்பிலையில் படுத்திருந்ததும் வீடியோவில் "இருட்டு ரூம்" என்று காட்டுகிற அதே அறைதான். குளுமையாக இருக்கும் என்று அத்தை தன் அறையைக் கொடுத்தார்.

அத்தைக்கு இப்போது எண்பத்திரண்டு. யாரோ குழந்தை வீடியோவைக் காட்டிவிட்டது. அன்றைக்கு ராத்திரி என்னிடம், "நாத்தமா அடிக்குது கண்ணு?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். நம்பவில்லை. மறுநாள் வேலை ஆளிடம் சொல்லி இரண்டு மாட்டையும் களத்துக் கோடியில் புளியமரத்தடிக்கு மாற்றிக் கட்டச் சொல்லியிருக்கிறார். ராத்திரி தூறல் போட்டது. பத்து மணிக்கு நானும் என் வீட்டுக்காரரும் போய் அவிழ்த்துக்கொண்டு வந்து கட்டுத்தரையிலேயே கட்டினோம். அத்தை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

வீடியோவை எடுத்துவிடு, தம்பி. எடுத்துவிட்டு உன் அம்மாயிக்கு ஒரு போன் போட்டு, நாற்றமெல்லாம் அடிக்கவில்லை என்று நீயே சொல்.