படியில் தவழ்ந்தவருக்கு ஒரு நீதி, செவிலியருக்கு ஒரு நீதியா?

அமெரிக்க மாநிலங்கள் மீது தனிநபர்கள் இழப்பீட்டு வழக்குப் போட அந்நாட்டு அரசியலமைப்பின் 11-ஆம் திருத்தம் தடையாக நிற்கிறது என்று ஒரு கட்டுரை சொன்னது; அதோடு கட்டுரையாளர் நிறுத்திவிட்டார். பாதிக் கதைதான் அது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்த 14-ஆம் திருத்தத்தின் 5-ஆம் பிரிவு, சம உரிமையைக் காக்க அந்தத் தடையை விலக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. 1976-லேயே உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது.

சிக்கல், அந்த அதிகாரம் எதுவரை செல்லும் என்பதில். 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையே பாருங்கள். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் பதவி இழந்த அலபாமா அரசுப் பல்கலைக்கழகச் செவிலியருக்கு 2001-இல் இழப்பீடு கேட்கும் வழி அடைபட்டது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் 5-க்கு 4 என்ற தீர்ப்பு அது. டென்னசி மாநிலத்தில் லிஃப்ட் இல்லாத நீதிமன்றத்தின் மாடிக்குப் படிகளில் தவழ்ந்தே ஏறியவருக்கு (மறுமுறை தவழ மறுத்ததற்குக் கைது வேறு!) 2004-இல் வழி திறந்தது. அதுவும் 5-க்கு 4.

ஒன்று வேலை தொடர்பானது, மற்றொன்று நீதிமன்றத்தை அணுகும் அடிப்படை உரிமை என்று நீதிபதிகள் விளக்கம் சொன்னார்கள். சட்ட நுணுக்கம் புரிகிறது. ஆனால் இரண்டு தீர்ப்பிலும் பெரும்பான்மைப் பக்கம் இருந்தவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஓ'கானர் ஒருவர்தான். அவர் மனம் சாய்ந்த பக்கமே தீர்ப்பும் சாய்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.