காதுப் பக்கம் கத்தரி, ஆட்டாதே!

(மலேசியா, பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு முடிவெட்டும் கடை. நாற்காலியில் லாரி ஓட்டுநர் மணியம், கழுத்துவரை துணி. கத்தரி செல்வம் அண்ணன் கையில், ஆகவே யார் பேச்சு செல்லும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

மணியம்: மகளுக்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது அண்ணே.

செல்வம்: அடடே! அப்புறம் ஏன் முகம் இப்படி?

மணியம்: செலவுக்கு எங்கே போவேன்? நல்லவேளை, வாட்ஸ்அப்பில் ஒருத்தன் உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறேன் என்றான். முன்பணம் 150 வெள்ளி அனுப்பினால் போதுமாம்.

செல்வம்: உனக்குக் காசு கொடுக்க வருகிறவன் உன்னிடமே எதற்குக் காசு கேட்கிறான்?

மணியம்: நானும் அதைத்தான் யோசித்தேன். யோசித்து, 100 வெள்ளிக்குப் பேசி வைத்திருக்கிறேன்.

செல்வம்: ஒரு காசு அனுப்பாதே. முதலில் பிடிபிடிஎன் போடு, 1997-இல் இருந்து இருக்கிற அரசாங்கக் கல்விக் கடன். அதற்கு மகள் பேரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும், 20 வெள்ளி இருந்தால் திறந்துவிடலாம், எல்லாம் போனிலேயே முடியும்.

மணியம்: வட்டி கழுத்தை நெரிக்குமே?

செல்வம்: வட்டி இல்லை, சேவைக் கட்டணம் வருஷத்துக்கு 1 சதவீதம். படித்து முடித்து 12 மாதம் கழித்துக் கட்ட ஆரம்பிக்கலாம். நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளை பட்டப்படிப்பில் முதல் வகுப்பு வாங்கினால் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லியே விண்ணப்பிக்கலாம்.

மணியம்: அப்படியா! முதல் வகுப்பு என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

செல்வம்: படிக்கப் போவது அவள். ஆட்டாதே என்கிறேன், காதுப் பக்கம் இருக்கிறேன்... சரி, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு கடன் என்று முடிவு செய்வார்கள். உன் சம்பளம் எவ்வளவு?

மணியம்: 8,000.

செல்வம்: எங்கே?

மணியம்: கோயில் கமிட்டியில்.

செல்வம்: அங்கே சம்பளமா தருகிறார்கள்?

மணியம்: இல்லை, அங்கே அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன்.

செல்வம்: சம்பளச் சிலிப்பு என்ன சொல்கிறது?

மணியம்: 2,900. மெதுவாகப் பேசுங்கள் அண்ணே, வெளியே கமிட்டித் தலைவர் நிற்கிறார்!

செல்வம்: அவர் மகனுக்கும் போன வருஷம் நான்தான் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். அவர் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதே.

மணியம்: (முகம் மலர்ந்து) எவ்வளவு?

செல்வம்: தலையைக் குனி. அரசாங்கப் பொதுச் சேவைத் துறை ஜேபிஏ, எண்ணெய் நிறுவனம் பெட்ரோனாஸ், மத்திய வங்கி பேங்க் நெகாரா எல்லாம் உபகாரச் சம்பளம் தருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசித் தேதி, அவரவர் இணையப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், நீ வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்புவார்கள் என்று உட்கார்ந்திருந்தால் தேதி முடிந்த மறுநாள்தான் உன் கைக்கு வரும், அதுவும் கீழே நாலு கும்பிடு பொம்மையோடு. ம.இ.கா. கட்சியின் கல்வி அமைப்பு எம்ஐஇடியிலும் கல்விக் கடன் உண்டு. யூஎஸ்எம்மில் சேர்ந்ததும் மாணவர் விவகாரப் பிரிவில் போய் நிற்கச் சொல், அங்கே என்ன உதவி இருக்கிறது என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மணியம்: இவ்வளவுதானா?

செல்வம்: உன் ஊழியர் சேமநிதி, அந்த ஈபிஎஃப்பில் இருந்தும் பிள்ளை படிப்புக்கு எடுக்கலாம்.

மணியம்: ஐயோ, அதில் ஒரு பெரிய பைக் வாங்கலாம் என்று...

செல்வம்: (கத்தரியை வைத்துவிட்டுச் சவரக்கத்தியை எடுக்கிறார்) என்ன வாங்கலாம்?

மணியம்: புத்தகம் அண்ணே. புத்தகம்.

(துணியை உதறுகிறார். கண்ணாடியில் பின்மண்டையைக் காட்டுகிறார்.)

மணியம்: எவ்வளவு?

செல்வம்: 15 வெள்ளி.

மணியம்: குறைந்த வருமானக் குடும்பம் அண்ணே, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.

செல்வம்: அதற்கென்ன, விசாரித்துவிடலாம். (வாசலைப் பார்த்துச் சத்தமாக) தலைவரே! நம்ம மணியத்துக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று சொன்னார்?

மணியம்: இந்தாங்க, 20 வெள்ளி. மீதி வேண்டாம்!