டெமோவில் கேட்ட சத்தம் வீட்டில் ஏன் வரவில்லை?

சேலத்தில் கீபோர்டு வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் சிவதாபுரத்திலிருந்து ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். பையன் கையில் புது கீபோர்டு, 61 கீ. "வீடியோவுல பிரமாதமா வாசிச்சுக் காட்டுனாங்க மாஸ்டர். கடையிலயும் டெமோ போட்டுக் கேட்டோம். வீட்டுல இவன் வாசிச்சா அந்தச் சத்தமே வரலைங்க. இவனுக்கு வராதுங்களா?" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

பியானோ டோனில் ஒரு கீயை மெல்லத் தொட்டேன். அப்புறம் ஓங்கி அடித்தேன். இரண்டுக்கும் ஒரே சத்தம். அடிக்கிற வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் டச் ரெஸ்பான்ஸ் இல்லாத மாடல். அடுத்து டெமோ பட்டனை அழுத்தினேன். அதே பியானோ மெல்ல ஆரம்பித்து, ஏறி, இறங்கி, உருகி உருகி வாசிக்கிறது.

1983-ல் வந்த, மின்னணு வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் மிடி முறையில் ஒவ்வொரு சுரத்தையும் எவ்வளவு வேகமாக அடித்தோம் என்பதற்கு 1 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. டெமோ பாட்டில் அந்த எண்களைச் சுரம் சுரமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கு உள்ளே ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஆனால் கீக்கு அது கிடையாது. விரல் எப்படி அடித்தாலும் ஒரே எண்தான் போகும். எப்பேர்ப்பட்ட வித்வான் வந்தாலும் அந்த டெமோவை அந்தக் கீகளில் வாசித்துக் காட்ட முடியாது. வாங்குகிறவரிடம் இதைச் சொல்லாமல் விற்பதை ஏமாற்று என்றுதான் நான் சொல்வேன்.

"டச் இல்லைங்க" என்று சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளித் தொழிலில் டச் என்றால் சுத்தம் எவ்வளவு என்பது. "நாங்க வெள்ளிக்கு டச் எவ்வளவுன்னு சொல்லித்தானே மாஸ்டர் விக்கிறோம்?"

வீடியோ கதை இன்னொன்று. அதில் நாம் கேட்பது பெரும்பாலும் கீபோர்டின் ஸ்பீக்கர் சத்தமே இல்லை. ஒயர் வழியாக நேராக எடுத்து, கம்ப்யூட்டரில் ரிவெர்ப் என்ற எதிரொலி போட்டு, பேஸைத் தூக்கி, சில சமயம் இரண்டு மூன்று முறை வாசித்ததை ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஆடி மாத மேடைகளில் நானும் மிக்சரில் ரிவெர்ப் வைத்துத்தான் வாசிக்கிறேன், அதில் தப்பே இல்லை. ஆனால் கீழே உட்கார்ந்து கேட்பவர்களிடம் நான் கீபோர்டு விற்கவில்லையே.

பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை சத்தம் ஒலிக்க முடியும் என்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 32 என்று போட்டிருந்தால் பத்து விரலுக்குத் தாராளம் என்று தோன்றும். பியானோவோடு ஸ்ட்ரிங்ஸ் சேர்த்து லேயர் போட்டால் ஒரு கீக்கு இரண்டு போய்விடும். அந்த டோன்கள் ஸ்டீரியோ என்றால் நான்கு கூடப் போகலாம். அடித்த சுரத்தை நீட்டி ஒலிக்க வைக்கும் பெடலை மிதித்தபடி வாசித்தால் எட்டே சுரத்தில் தீர்ந்துவிடும். ஒன்பதாவதை அடிக்கும்போது முன்னால் அடித்த ஒன்று பாதியில் அறுந்துபோகும். அறுந்துபோவதைக் காட்டும் ஒரு கம்பெனி டெமோவைக்கூட நான் பார்த்ததில்லை. சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீல் இல்லாத மாடலில் தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைக்க முடியாது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

விலை குறைந்த கீபோர்டு மோசம் என்று நான் சொல்லவில்லை. விரல் பழக அது போதும், ஏழைப் பிள்ளைக்கு அது பெரிய வரம். கம்பெனிகளிடம் நான் கேட்பது இரண்டே நிமிடம்தான். கீபோர்டை மேசையில் வையுங்கள், எதிரே ஒரு மைக் வையுங்கள், அதன் சொந்த ஸ்பீக்கரில் ஒருவர் ஒரே மூச்சில் வாசிக்கட்டும். மெல்ல ஒரு தரம், ஓங்கி ஒரு தரம். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் மெருகு போட்டுக்கொள்ளுங்கள், போட்டதைத் திரையில் எழுதுங்கள்.

அன்றைக்குப் பையன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப என் கை மேல தப்பு இல்லைங்களா மாஸ்டர்?"

"இல்லை கண்ணு" என்று சொல்லி என் பழைய கீபோர்டு முன்னால் உட்கார வைத்தேன். ஒரே கீயை மெல்ல அடித்தான். அப்புறம் பலமாக அடித்தான். மறுபடியும் மெல்ல அடித்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.